பழைய மோட்டார் சைக்கிளின் சுவிச்சைக் காப்பாற்றுவது

மாரி பிறந்து நாலு மழை விழுந்தால், பழைய மோட்டார் சைக்கிள்களில் முதலில் சத்தம் அடங்குவது ஹோர்ன். அதற்குப் பின்னால் சிக்னல் லைற் மினுங்காமல் நிற்கும். ஹெட் லைற்றைத் தூர வெளிச்சத்திலிருந்து கிட்ட வெளிச்சத்துக்கு மாற்றும்போது ஒரு கணம் அணைந்து எரியும். "சுவிச் போட்டுது, புதுசு வாங்கிப் போடுங்கோ" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்தப் பதிலோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. எம்.டி. 90, சி 70, சாலி, சி.டி. 125 போன்ற பழைய ஹொண்டாக்களின் சுவிச்சுக்குள் இருப்பது தடித்த பித்தளைத் தகடும் நல்ல சுருள்வில்லும். அவை அழுக்கேறும், களிம்பு பிடிக்கும், அழுத்தம் குறையும், செத்துப்போவது அபூர்வம். இன்றைக்கு மாற்றாக விற்கப்படும் சுவிச்சுகள் பலவற்றில் தகடு மட்டை போல மெல்லியது. வயர் நிறமும் வண்டியோடு பொருந்தாது. கழற்றி எறிந்த பழையதுதான் இரண்டிலும் நல்லதாக இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் சுவிச்சுகளுக்கு வரும் நோய்க்கு ஊரே காரணம். பண்ணைப் பாலத்தாலோ பொன்னாலைப் பாலத்தாலோ தினமும் போய்வரும் வண்டியில், சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் களப்புத் தண்ணீரின் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் படியும். உப்பு காய்ந்தாலும் சும்மா இருக்காது. மார்கழி, தைப் பனியில் ஈரத்தை இழுத்துப் பித்தளையில் பச்சைக் களிம்பை வளர்க்கும். வலிகாமத்துப் பக்க வண்டிகளில் வேறு கதை. செம்மண் புழுதி பழைய கிறீசோடு சேர்ந்து களியாகி, சுவிச்சின் நகரும் கட்டையைப் பாதியில் நிறுத்திவிடும். முதலாவதைக் கரைக்க வேண்டும், இரண்டாவதைக் கழுவ வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை.

6 வோல்ற் வண்டிகளில் இந்த நோய் நாலு மடங்கு தெரியும். முன்னும் பின்னுமாக இரண்டு 18 வாற் சிக்னல் பல்ப் எரியும்போது 6 வோல்ற் வண்டியில் சுவிச் வழியே 6 அம்பியர் ஓடுகிறது. அதே பல்ப்புகள் 12 வோல்ற்றில் 3 அம்பியரைத்தான் இழுக்கும். சுவிச்சின் முனையில் 0.1 ஓம் தடை இருந்தால் 6 வோல்ற்றில் 0.6 வோல்ற் போய்விடும், அதாவது பத்தில் ஒரு பங்கு. 12 வோல்ற்றில் போவது 0.3; நாற்பதில் ஒரு பங்குதான். வோல்ற் பத்து வீதம் குறைந்தால் இழை பல்ப்பின் வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். "பெற்றரி புதுசு, பல்ப் புதுசு, ஆனால் மங்கல்" என்று வரும் வண்டிகளில் பலவற்றின் கணக்கு இதுதான்.

ஆனபடியால் சுவிச்சைத் திறக்க முன்னர் அளந்து பார்க்க வேண்டும். மல்ரி மீற்றரில் "பீப்" சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்ப்பது ஏமாற்றும். அந்தச் சோதனையில் மீற்றர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். நூல்போல ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் வரும். 6 அம்பியர் ஓட வேண்டிய நேரத்தில் அதே இழை கைவிடும். சரியான முறை, வேலை நடக்கும்போதே அளப்பது. லைற்றையோ ஹோர்னையோ போட்டுக்கொண்டு, மீற்றரை நேர்மின் (டி.சி.) வோல்ற்றில் வைத்து, சுவிச்சுக்குள் போகும் வயரில் ஒரு முனையையும் வெளியே வரும் வயரில் மற்ற முனையையும் வையுங்கள். 0.1 வோல்ற் வரை காட்டினால் சுவிச் நல்லது, கைவைக்க வேண்டாம். 0.2 என்றால் 12 வோல்ற் வண்டியில் பொறுக்கலாம், 6 வோல்ற்றில் துப்புரவாக்க வேண்டும். 0.5க்கு மேலே போனால் எந்த வண்டியானாலும் திறக்கத்தான் வேண்டும். பெற்றரியைத் தொடாமல், இன்ஜினோடு சுற்றி மின் தரும் மக்னெற்றிலிருந்தே ஹெட் லைற்றுக்கு மின் வரும் வண்டிகளில், இன்ஜினை ஓடவிட்டு மீற்றரை மாறுமின் (ஏ.சி.) பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். நேர்மின் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் காட்டாது. அதைப் பார்த்து சுவிச் நல்லது என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

இன்னொன்று. ஹெட் லைற் கூட்டைக் கழற்றி உள்ளே வயரோடு வயரைச் செருகியிருக்கும் குண்டு இணைப்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துத் திரும்பச் செருகுங்கள். சுவிச்சின் பிழை என்று வரும் வண்டிகளில் கணிசமானவை அந்த இடத்திலேயே சரியாகிவிடும். தளர்ந்த இணைப்பியைக் குறட்டால் மெல்ல நெரித்து இறுக்கினால் போதும்.

வயர் நிறங்கள் பழைய ஹொண்டாக்களில் பெரும்பாலும் ஒரே ஒழுங்கு. சிவப்பு பெற்றரி, கறுப்பு திறப்பை (சாவியை) திருப்பியபின் வரும் மின், பச்சை உடம்பு எர்த், இளம்பச்சை ஹோர்ன். சாம்பல் நிறம், சிக்னலை மினுங்க வைக்கும் பிளாஷரிலிருந்து சுவிச்சுக்கு. இளநீலம் வலது சிக்னல், செம்மஞ்சள் இடது சிக்னல். நீலம் தூர வெளிச்சம், வெள்ளை கிட்ட வெளிச்சம், மண்ணிறம் பின் லைற், பச்சையில் மஞ்சள் கோடு பிறேக் லைற். நாற்பது வருட வெயில் பட்ட வண்டியில் பச்சையும் இளம்பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். வெளியில் பார்த்து முடிவெடுக்காமல், ரியூப்புக்குள் மறைந்திருந்த பகுதியை இழுத்து நிறத்தைப் பாருங்கள்.

இனித் திறக்கலாம். பெற்றரியின் எர்த் வயரைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கூட்டைப் பிடித்திருக்கும் ஸ்ரார் ஆணிகள் ஜப்பான் அளவு. தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அது அந்த வகை. சாதாரண ஸ்ரார் றைவர் அதில் முழுதாக இறங்காது. வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜப்பான் அளவு இரண்டாம் இலக்க றைவர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரண றைவரின் நுனியை அரைமில்லிமீற்றர் அளவுக்கு அராவினால் ஆழமாக இறங்கும். பிடித்துப்போன ஆணிக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் றைவரை ஆணியில் வைத்து, அதன் பிடியில் சுத்தியலால் இரண்டு மூன்று தட்டு மெதுவாகத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். முன் ஆணியும் பின் ஆணியும் நீளத்தில் வேறுபடும் வண்டிகள் உண்டு. நீள ஆணியைக் குட்டை ஓட்டையில் பூட்டினால் அது உள்ளே போய் வயரை நசுக்கும். பிறகு பியூஸ் எரியும் காரணம் யாருக்கும் பிடிபடாது.

கூட்டைப் பிரித்ததும் கைத்தொலைபேசியில் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். சுவிச்சின் உட்பகுதியைப் பிரிப்பதை ஒரு பெரிய ஒளி ஊடுருவும் பொலித்தீன் பைக்குள் கையை விட்டுச் செய்வது நல்ல பழக்கம். சுருள்வில்லும் போள்சும் (சின்ன இரும்புக் குண்டும்) பாய்ந்தால் பைக்குள்ளேயே விழும். முற்றத்து மணலில் விழுந்தால் அன்றைய வேலை முடிந்தது. போள்ஸ் தொலைந்தால் சைக்கிள் பிறீவீலுக்குள் இருக்கும் 3.2 மில்லிமீற்றர் போள்ஸ் பல சுவிச்சுகளுக்குப் பொருந்தும். தொலைத்த குழியை அளந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். சுருள்வில்லுக்கு குமிழ்முனைப் பேனையின் வில்லை வெட்டிப் போடுகிறார்கள். கட்டையை இடத்தில் நிறுத்தும் வில்லுக்கு மட்டும் அது சரி. மின்முனையை அழுத்தும் வில்லுக்கு அது போதாது. அழுத்தம் குறைந்தால் முனை சூடாகும், சூடான வில் இன்னும் தளரும், கடைசியில் பிளாஸ்ரிக் உருகும்.

வெளிச்சம் மாற்றும் சுவிச்சைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நகரும் கட்டையின் அடியில் ஒரு சின்னப் பாலத் தகடு, அதன் முதுகில் வில். எதிரே மூன்று முனைகள்: நடுவில் மின் வரும் முனை, இருபக்கமும் தூரமும் கிட்டவும். கட்டையை மெதுவாகத் தள்ளிப் பார்த்தால், நடுவில் ஓரிடத்தில் பாலத் தகடு மூன்று முனைகளையும் ஒன்றாகத் தொடும். இரண்டு இழைகளும் சேர்ந்து எரியும். அதைப் பிழை என்று நினைத்துத் தகட்டை வெட்டிக் குறுக்கக் கூடாது. மக்னெற்றிலிருந்து நேராக லைற் எரியும் வண்டிகளில், வோல்ற்றைக் கட்டி வைத்திருப்பதில் பெரும் பங்கு ஹெட் லைற் இழுக்கும் சுமைக்கு. மாற்றும்போது ஒரு கணம் ஹெட் லைற் விட்டுப்போனால் வோல்ற் எகிறும். அந்த அடி முழுவதும் பின் லைற்றின் சின்னப் பல்ப்பிலும் மீற்றர் பல்ப்பிலும் விழும். மாதத்துக்கு ஒரு பின் பல்ப் எரிகிறது என்றால் பல்ப்பைத் திட்ட வேண்டாம். இந்தச் சுவிச்சின் நடுவிடத்தில் அழுக்கோ தேய்வோ இருக்கிறதா என்று பாருங்கள்.

தேய்ந்த பாலத் தகட்டில் மூன்று வரிகள் குழிந்திருக்கும். இருபக்கமும் ஒரே வடிவமான தகடு என்றால் மறுபக்கம் திருப்பிப் போடுங்கள். புதுத் தகடு கிடைத்தது போலத்தான். இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தால், பழைய பிளக் பேசுக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டில் அதே தடிப்பைத் தேடி வெட்டி எடுக்கலாம். ஓரங்களை அரத்தாளில் உருட்டி விடுங்கள், கூரான ஓரம் எதிர் முனையைச் சுரண்டும். குழிக்குள் ஈயம் நிரப்பி மட்டமாக்குவதை மட்டும் செய்ய வேண்டாம். ஈயம் மெதுமை, சில நாளில் வழிந்து இரண்டு முனைகளுக்கும் நடுவில் படியும்.

பச்சைக் களிம்புக்கு எங்கள் வீடுகளில் இருக்கும் மருந்தே போதும். வில்லையும் போள்சையும் வேறாக எடுத்து வைத்துவிட்டு, பித்தளைப் பாகங்களைத் தேசிக்காய்ப் புளியில் 5 நிமிடம் போடுங்கள். இரும்பு வில் புளிக்குள் போனால் கறுத்துத் தின்னப்படும், அதனால்தான் வேறாக்குவது. பிறகு ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து அதில் முக்குங்கள். மிச்சப் புளி நுரைத்து அடங்கும். இந்தப் படியைத் தவிர்த்தால் ஒரு மாதத்தில் களிம்பு இரட்டிப்பாகத் திரும்பி வரும். கடைசிக் கழுவலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நம் சுண்ணாம்புக் கல் நிலத்துத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படிவு விடும், கரையோரக் கிணறுகளில் உப்பும் சேரும். பெற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தல் வாங்கி வையுங்கள், அல்லது பிடித்து வைத்த மழைத்தண்ணீர். பெற்றரி அசிற்றும் அதே மாதிரிப் போத்தலில் விற்கிறார்கள், எழுத்தைப் பார்த்து எடுங்கள். கழுவியபின் ஒரு மணித்தியாலம் வெயிலில் காயட்டும்.

புழுதிக் களிக்குப் புளி உதவாது. மண்ணெண்ணெயில் பல்விளக்கும் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் விட்டுப்போகும் எண்ணெய்ப் படையைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவ வேண்டும். இலத்திரனியல் கடைகளில் விற்கும் கொன்ராக்ற் கிளீனர் இருந்தால் இன்னும் சுலபம். தின்னர் கூடாது, பிளாஸ்ரிக் கட்டையை ஒட்டும் பசையாக்கிவிடும், கூட்டில் எழுதியிருக்கும் எழுத்துகளையும் அழித்துவிடும். தேய்க்க வேண்டி வந்தால் 1000 அல்லது 1200 இலக்க அரத்தாள், நாலைந்து இழுவை. 80 இலக்கத்தில் பளபளவென்று தேய்த்துக் கொடுத்ததைக் கண்டிருக்கிறோம். அந்தக் கீறல்கள் ஒவ்வொன்றும் அடுத்த மழையில் உப்பு தங்கும் வாய்க்கால். வெள்ளிக் குமிழ் உள்ள முனைகளுக்கு அரத்தாளே வேண்டாம், பென்சில் அழிறப்பர் போதும்.

பூட்டும்போது கிறீஸ் எவ்வளவு என்பதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. சிலிக்கோன் கிறீஸ், ஒரு அரிசி மணி அளவு. அதை மின்முனைகளைச் சுற்றிலும் கட்டை நகரும் தடத்திலும் விரலால் தேய்த்த மெல்லிய படையாகப் பூசினால் போதும். கிடைக்காவிட்டால் வஸ்லின், அதுவும் இன்னும் மெல்லியதாக. பங்குனி, சித்திரை வெயிலில் கறுத்தக் கூடு சுட்டால் வஸ்லின் உருகி ஓடும். செம்புத்தூளோ பென்சில் கரியோ (கிராபைற்) கலந்த கிறீசைச் சுவிச்சுக்குள் போடக்கூடாது. அது மின்னைக் கடத்தும். அடுத்தடுத்த முனைகளைப் பாலம் போட்டு இணைத்துவிடும்.

தண்ணீர் போகாமல் இருக்கக் கூட்டைச் சுற்றிச் சிலிக்கோன் பசை பூசுவதும் நல்லதில்லை. வினாகிரி மணம் வரும் சாதாரண சிலிக்கோன் இறுகும்போது விடும் அமிலம் செம்பைத் தின்னும். கூட்டின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை தண்ணீர் வடிவதற்கு. அதையும் சேர்த்து அடைத்தால் உள்ளே போன ஈரம் உள்ளேயே அவியும். வயர் நுழையும் இடத்து றப்பரை மாற்றி, வயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

ஹோர்னுக்கு ஒரு தனிக் கணக்கு. பழைய வண்டிகள் பலவற்றில் பொத்தான் செய்வது ஹோர்னிலிருந்து வரும் இளம்பச்சை வயரை எர்த்தோடு சேர்ப்பது மட்டும். அந்த எர்த் கூட்டிலிருந்து ஹாண்டிலுக்கும், ஹாண்டிலிலிருந்து கிறீஸ் பூசிய போள்சுகள் வழியே சேசிசுக்கும் போக வேண்டும். ஹாண்டிலுக்குப் பெயின்ற் அடித்த மறுநாள் ஹோர்ன் நின்றால் காரணம் இதுதான். பார்க்கும் முறை: திறப்பைப் போட்டுவிட்டு இளம்பச்சை வயரை ஒரு துண்டு வயரால் சேசிசில் தொடுங்கள். சத்தம் வந்தால் ஹோர்ன் நல்லது. அடுத்து அந்தத் துண்டு வயரைக் கூட்டுக்கும் சேசிசுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். இப்போது வந்தால் பொத்தானும் நல்லது, எர்த்தான் இல்லை. 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் ஒன்றைக் கூட்டின் உள் ஆணியிலிருந்து ஹெட் லைற் கூட்டுக்குள் இருக்கும் பச்சை வயர் வரை இழுத்துவிட்டால் பிரச்சினை தீரும். இரண்டாவது சோதனையிலும் வராவிட்டால் மட்டும் பொத்தானைத் திறவுங்கள். ஹோர்ன் சுருளால் ஒவ்வொரு முறை விடும்போதும் பொறி பறக்கும். முனையில் கறுத்த குழி இருக்கும், அதைத் தேய்த்தால் சரி.

சிக்னலில் இரண்டு பக்கமும் மினுங்கவில்லையா, ஒரு பக்கம் மட்டுமா என்பதே பாதி விடை. இரண்டும் என்றால் பெற்றரி, பிளாஷர், சாம்பல் வயர். ஒரு பக்கம் என்றால் அந்தப் பக்கத்துப் பல்ப், அதன் எர்த், பிறகு சுவிச். பழைய பிளாஷர் போதிய மின்னோட்டம் இழுபட்டால்தான் சூடாகி மினுங்கும். பிசுக்கேறிய முனை ஓட்டத்தைக் குறைத்தால் லைற் மங்கலாக எரிந்தபடியே நிற்கும், குற்றம் பிளாஷர் தலையில் விழும்.

திறப்புச் சுவிச்சில் ஒரு வினோதம் உண்டு. மக்னெற்றில் பொறி வரும் வண்டிகளில் திறப்பு மூடும்போது, கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயரை எர்த் பண்ணித்தான் இன்ஜினை நிறுத்துகிறது. உப்பு ஈரம் உள்ளே போனால் திறந்திருக்கும்போதே மின் எர்த்துக்குக் கசியும். மழையில் மட்டும் ஸ்ராட் வராத வண்டியில் கொயிலைக் கழற்ற முன்னர் இந்த வயரை இணைப்பியில் பிரித்துவிட்டு உதையுங்கள். ஸ்ராட் வந்தால் பிழை சுவிச்சில். திறப்பால் இப்போது நிற்காது. சோக்கை முழுதாக இழுத்து நிறுத்துங்கள். பெற்றரியிலிருந்து கொயிலுக்கு மின் போகும் வண்டிகளில் இதற்கு எதிர்மாறு. அங்கே சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் விழும் வோல்ற்றை அளக்க வேண்டும். திறப்புத் துவாரத்துக்குள் எண்ணெய் விடாதீர்கள், புழுதி பசையாகும். பென்சில் கரியைத் தூளாக்கித் திறப்பில் பூசி நாலு முறை நுழைத்து எடுத்தால் போதும். ஆனால் பின் பக்க மின்தகட்டுக்குள் அந்தக் கரி போகக் கூடாது.

அறுந்த வயரை ஈயம் பற்ற 40 வாற் அயன் போதும். தகரம் ஒட்டும் அமிலம் வேண்டாம், குங்கிலியம் உள்ள ஈயக்கம்பிதான் சரி. வயரின் உள்ளே செம்பு கறுத்திருந்தால் ஈயம் பிடிக்காமல் உருண்டோடும். மினுக்கமான செம்பு வரும் வரை ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் வெட்டிப் பின்னால் போங்கள். மூன்று செக்கனுக்கு மேல் சூடு வைக்காதீர்கள், முனையைப் பிடித்திருக்கும் பிளாஸ்ரிக் தளர்ந்துவிடும். கறுத்த இன்சுலேசன் ரேப்பின் பசை நம் வெயிலில் வழியும். சூட்டில் சுருங்கும் ரியூப் போடுங்கள். கூட்டைப் பூட்ட முன்னர் ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, எந்த வயரும் இழுபடவில்லை என்று பார்க்க வேண்டும்.

பிறேக் லைற் சுவிச்சில் பழுதை விட மோசமானது, பழுதான சுவிச்சுக்கு "டிறெக்ற்" குடுத்து எந்நேரமும் சிவப்பு எரிய விடுவது. பின்னால் வருபவருக்கு நாங்கள் நிற்பது தெரியவே தெரியாது. இரவில் வீதி விளக்கில்லாத தீவுப்பகுதி வீதிகளில் இது உயிர்ப் பிரச்சினை; யாராவது அப்படிச் செய்து தந்திருந்தால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். பின் பிறேக் சுவிச்சின் நட்டைத்தான் திருப்ப வேண்டும், சுவிச்சைத் திருப்பினால் வயர் முறுகி உள்ளே அறும். பிறேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னரே லைற் எரியுமாறு வையுங்கள். மிதியை விட்டதும் அணைய வேண்டும்.

எல்லாம் பூட்டியபின் முதலில் அளந்த அதே இரண்டு இடங்களில் மீற்றரை வைத்து மறுபடி அளந்து, வந்த எண்ணையும் திகதியையும் ஒரு துண்டு ரேப்பில் எழுதி ஹெட் லைற் கூட்டின் உள்ளே ஒட்டிவிடுங்கள். அடுத்த புரட்டாதியில், மழைக்கு முன்னர், மறுபடி அளவெடுங்கள். எண் இரட்டித்து 0.1 வோல்ற்றையும் தாண்டியிருந்தால்தான் ஆணியைக் கழற்ற வேண்டும்.